அறுபதுக்கு மேல் நெடும்பயணம்

கேள்வி: வயது 63. புனேயிலிருந்து திருச்சிக்கு மோட்டார் சைக்கிளில் தனியாகப் போக ஆசை. வீட்டில் தடுக்கிறார்கள். போகலாமா?
- வாசகர், பிம்ப்ரி

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் அடுத்த வாரமே வேண்டாம்.

முதலில் கண் பரிசோதனை. கண்புரை தொடங்கியிருந்தால் எதிர்வண்டி விளக்கு கடுமையாகக் கூசும். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவரானால், வழியில் சர்க்கரை இறங்கினால் என்ன செய்வதென்று மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒருநாள் கம்பாட்கி கணவாய் ஏறி சாத்தாரா வரை போய்த் திரும்புங்கள். மறுநாள் காலை கழுத்தும் மணிக்கட்டும் சொல்வதைக் கேளுங்கள். வலித்தால் ஹேண்டில்பாரின் உயரத்தை மாற்றிப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. அவ்வளவு பழைய டயரை, பட்டன் தேயாமல் இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

மழைக்காலம் முடிந்து கிளம்புங்கள். அப்போது சாத்தாரா, கோலாப்பூர்ப் பகுதியில் கரும்பு வெட்டு நடக்கும். பின்விளக்கில்லாத டிராக்டர்களை இருட்டில் கண்டுகொள்வது கடினம். ஆகவே இரவுப் பயணம் அறவே கூடாது.

முதல் நாள் பெலகாவி, அடுத்த நாள் சித்ரதுர்கா, பிறகு ஓசூர். நான்காம் நாள் மாலை திருச்சியில் இருப்பீர்கள். தினமும் தங்குமிடம் சேர்ந்ததும் வீட்டுக்குப் போன் செய்யுங்கள்.