பனிக்கடியில் ஒரு ரகசியத் தளம்

ஒரு மெழுகுவர்த்தியை இரண்டு செங்கற்களுக்கு மேல் பாலம்போல் வையுங்கள். ஓங்கித் தட்டினால் ஒடிந்துவிடும். தட்டாமல் கோடைக்காலத்தில் சில நாட்கள் விட்டுவிட்டால், தன் எடையாலேயே நடுவில் தொய்ந்து போகும். பனிக்கட்டியும் இத்தகைய பொருள்தான். அதன் இந்தக் குணம் ஒரு வல்லரசின் ரகசியத் திட்டத்தையே முறியடித்தது.

1959-ஆம் ஆண்டு அமெரிக்க ராணுவம், டென்மார்க்குக்கு உட்பட்ட கிரீன்லாந்தின் பனிப்பரப்பில் நீண்ட அகழிகளை வெட்டியது. மேலே எஃகு வளைவுகளை வைத்துப் பனியால் மூடியது. 'காம்ப் செஞ்சுரி' என்ற இத்தளத்தில் சுமார் 200 பேர் தங்க முடிந்தது. மின்சாரம் தர ஒரு சிறிய அணு உலையும் இருந்தது. இது ஆராய்ச்சி நிலையம் என்றே உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஆராய்ச்சியும் நடந்தது. ஆனால் பின்னணியில் 'ஐஸ்வார்ம்' என்ற திட்டம் மறைந்திருந்தது. 4,000 கிலோமீட்டர் சுரங்கப்பாதை அமைத்து, அதில் 600 அணு ஏவுகணைகளை இடம் மாற்றி மாற்றி ஒளித்து வைப்பதே அதன் நோக்கம்.

அங்கே பனியின் வெப்பநிலை சுமார் -24 டிகிரி செல்சியஸ். நமக்கு அது கடுங்குளிர். கெல்வின் அளவில் அது 249. பனிக்கட்டி உருகுவதோ 273 கெல்வினில். ஆகவே அந்தப் பனி, உருகுநிலையில் பத்தில் ஒன்பது பங்கை எட்டியிருக்கிறது! இரும்பை இதே பங்குக்குச் சூடாக்கினால் அதன் வெப்பநிலை சுமார் 1,370 டிகிரி செல்சியஸ் இருக்கும். கொல்லன் உலையில் பழுத்த இரும்பு எப்படி வளைந்து கொடுக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். மேலிருந்து அழுத்தும் எடையால் பனிப்படிகங்களின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று மெல்ல நழுவுகின்றன. பனி பாய்கிறது.

விளைவு என்ன? சுவர்கள் நெருங்கின, கூரைகள் தாழ்ந்தன. வீரர்கள் பனியை ஓயாமல் செதுக்கி அகற்ற வேண்டியிருந்தது. 1962-இல் அணு உலைக் கூடத்தின் கூரையை ஒன்றரை மீட்டர் உயர்த்த நேர்ந்தது. 1963-இல் உலை நிறுத்தப்பட்டு, பின்னர் அகற்றப்பட்டது. 1967-இல் தளமே கைவிடப்பட்டது. ஏவுகணை எதுவும் அங்கே வைக்கப்படவில்லை. திட்டத்தின் விவரம் 1990-களில் டென்மார்க்கில் நடந்த விசாரணையின்போதுதான் வெளிவந்தது.

ஆராய்ச்சியோ நிலைத்தது. 1966-இல் அங்கே 1,387 மீட்டர் ஆழம்வரை துளையிட்டுப் பனித்தண்டு எடுத்தனர். பழங்காலத் தட்பவெப்பத்தை அறிய அது பெரிதும் உதவியது. அடியில் கிடைத்த மண்ணைப் பல ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்தபோது, தாவர எச்சங்கள் இருந்தது 2021-இல் தெரியவந்தது. ஒரு காலத்தில் அங்கே பனியே இல்லை!

இனி உங்களுக்கு ஒரு கணக்கு: ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். 30 டிகிரி வெப்பமுள்ள அறையில் அது உருகுநிலையில் எத்தனை பங்கை எட்டியிருக்கும்? கெல்வினுக்கு மாற்றிப் பாருங்கள். பழைய ஈயக் குழாய்கள் காலப்போக்கில் தொய்வது ஏன் என்பது விளங்கும்.