இதய அறுவையும் இறப்பு விகிதமும்

புள்ளியியல் என்றாலே நாணயம் சுண்டுவதும் பகடை உருட்டுவதுந்தான் என்று பிற துறை நண்பர்கள் எங்களைக் கேலி செய்வதுண்டு. விகிதம் என்னும் எளிய கணக்கு உயிர் காக்கும் கருவியாகவும் அமையும். அதற்குச் சான்றாக, வயது வந்தோர்க்குச் செய்யப்படும் இதய அறுவை சிகிச்சையை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறேன்.

1953 மே 6ஆம் நாள் பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் என்னும் மருத்துவர், இதய–நுரையீரல் இயந்திரத்தின் துணையால் ஓர் இளம்பெண்ணின் இதயக் குறையைச் சரிசெய்தார். பின்னர்ப் பல மருத்துவமனைகள் இத்துறையில் இறங்கின. எல்லா இடங்களிலும் பயன் ஒன்றுபோல் இருந்ததா?

1979இல் ஹரால்டு லஃப்ட் என்பவரும் அவர்தம் தோழர்களும் அமெரிக்காவின் 1,498 மருத்துவமனைகளில் 12 வகை அறுவைகளை ஆராய்ந்தனர். திறந்த இதய அறுவை, பைபாஸ் முதலிய சிலவற்றில், ஆண்டுக்கு 200க்குக் குறையாமல் செய்த மருத்துவமனைகளில் இறப்பு விகிதம் மற்றவற்றைவிட 25 முதல் 41 விழுக்காடு வரை குறைந்திருந்தது.

இதற்கு இரு விளக்கங்கள் உண்டு. பழகப் பழகக் கை தேர்கிறது என்பது ஒன்று. நல்ல மருத்துவமனையை நாடியே நோயாளிகள் மிகுதியாகச் செல்கின்றனர் என்பது மற்றொன்று. தொடர்பு வேறு, காரணம் வேறு என்று வகுப்பில் நாம் படிக்கும் பாடம் இங்கே உயிர் பெறுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ‘அ’ மருத்துவமனையில் 500 அறுவைகளில் 20 பேர் இறந்தனர். ‘ஆ’ மருத்துவமனையில் 500இல் 10 பேர். விகிதம் முறையே 4, 2 விழுக்காடு. ‘ஆ’தான் சிறந்தது என்போம். ஆனால் ‘அ’வுக்கு வந்தோர் முதியோர், நோய் முற்றியோர். வயது, நோயின் கடுமை ஆகியவற்றைக் கொண்டு கணித்தால் ‘அ’வில் 25 இறப்புகளும் ‘ஆ’வில் 8 இறப்புகளும் எதிர்பார்க்கத் தக்கவை. நேர்ந்ததை எதிர்பார்த்ததால் வகுத்தால் ‘அ’வுக்கு 0.8, ‘ஆ’வுக்கு 1.25. தீர்ப்பு தலைகீழாகிவிட்டது!

நியூயார்க் மாநில நலத்துறை 1989 முதல் இம்முறையிலேயே பைபாஸ் அறுவையின் முடிவுகளைத் திரட்டி வெளியிடலாயிற்று. இவ்வாறு சரிசெய்த இறப்பு விகிதம் 1989இல் 4.17 விழுக்காடாக இருந்து 1992இல் 2.45 ஆகக் குறைந்தது. ஆண்டுக்கு 50 அறுவைக்கு மேற்படாத மருத்துவர்களிடம் அது 7.94இலிருந்து 3.20க்கு இறங்கியது. விகிதம் உயர்ந்திருந்த சிலர் இவ்வறுவையைக் கைவிட்டதும், புதிதாக வந்தோர் நன்கு செயற்பட்டதும் இதற்குக் காரணங்களாகக் காணப்பட்டன.

ஆல்பனி நகரின் செயின்ட் பீட்டர்ஸ் மருத்துவமனை தன் கணக்கைப் பிரித்து ஆராய்ந்தது. அவசர நிலையில் வந்த நோயாளிகளிடையேதான் இறப்பு மிகுந்திருந்தது. 1992இல் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இறந்திருந்தார். உடல்நிலையைச் சீராக்கிய பின்னரே அறுவை என்று முறையை மாற்றினர். 1993இல் அவசர நோயாளிகளில் ஒருவரும் இறக்கவில்லை. மருத்துவரின் கை அல்ல, காலமே குறையாக இருந்தது என்பதை எண்கள் காட்டிக்கொடுத்தன.

எனினும் எச்சரிக்கை தேவை. 25 அறுவை செய்பவரிடம் ஒருவர் இறந்தால் 4 விழுக்காடு. இருவர் இறந்தால் 8. சிற்றெண்ணிக்கையில் தற்செயலும் திறமையின்மையும் ஒரே முகம் காட்டும். ஓராண்டுக் கணக்கை வைத்து ஒருவரைப் பழித்தால், அவர் அடுத்த முறை கடுமையான நோயாளியை ஏற்கத் தயங்கக்கூடும். அத்தயக்கத்தால் இழப்பு நோயாளிக்கே.

ஆகவே, விகிதத்தைக் கண்டவுடன் மூன்று வினாக்களை எழுப்ப வேண்டும்: எத்தனை பேரில்? எத்தகையோரில்? எத்தனை ஆண்டுகளில்? இவற்றைக் கேட்கப் பழகுவதே புள்ளியியல் நமக்கு அளிக்கும் கல்வி என்பது என் துணிபு. அட்டவணையின் ஒவ்வோர் எண்ணும் ஒரு வீட்டின் தாயோ தந்தையோ என்பதை நாம் மறவாதிருப்போமாக!