சுவரில் இருக்கும் சுவிட்ச் யாருக்காக?



மாலை மங்கி இருள் சூழும் வேளையில் வீட்டுக்குள் நுழைகிறோம். கண் எதையும் தேடுவதில்லை; கை தானாகவே சுவரை நோக்கிப் போகிறது. ‘டக்’ என்று ஒரு சிறு ஓசை. அறை முழுவதும் ஒளி! பழகிப்போன இச்செயலில் சிந்திக்க என்ன இருக்கிறது என்றுதான் நாங்களும் எண்ணியிருந்தோம். ஆனால் இன்று கைபேசியாலும், குரலாலும், நேரம் குறித்து வைத்தும் விளக்குகளை இயக்கும் தானியங்கி முறை நம் ஊர் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. அப்படியானால் சுவரிலுள்ள சுவிட்ச் இனித் தேவைதானா? தேவையென்றால் எத்தகைய சுவிட்சைத் தேர்ந்தெடுப்பது? பதினோராம் வகுப்பு இயற்பியல் பிரிவில் பயிலும் நாங்கள் நால்வர் இதை ஆராய்ந்தோம். அறிந்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

பாட்டிக்கு நேர்ந்தது

எங்களை இந்த ஆராய்ச்சிக்குத் தூண்டியது ஒரு நிகழ்ச்சி. எங்களுள் ஒருத்தியின் வீட்டில் சென்ற ஆண்டு சாதாரண பல்புகளைக் கழற்றிவிட்டுக் கைபேசியால் இயங்கும் ‘ஸ்மார்ட்’ பல்புகளை மாட்டினார்கள். முதல் இரண்டு நாள் வீடே திருவிழாக் கோலம். மூன்றாம் நாள் தொல்லை தொடங்கியது. கைபேசியை அழுத்தி அழுத்திப் பார்த்த அப்பா, “பல்பு கெட்டுவிட்டது” என்றார். “நான்தானப்பா சுவிட்சை அணைத்தேன். படுக்கும்முன் விளக்கை அணைப்பதும் ஒரு குற்றமா?” என்றார் பாட்டி. மின்சாரமே போய்ச் சேராத பல்பு கைபேசியின் கட்டளையை எப்படிக் கேட்கும்? முடிவில், யாரும் தொடாதபடி சுவிட்சுகளின்மேல் செல்லோ டேப் ஒட்டப்பட்டது.

ஒரு நாள் நள்ளிரவில் மின்வெட்டு. மின்சாரம் திரும்பியபோது வீட்டிலுள்ள அத்தனை பல்புகளும் ஒரே சமயத்தில் பளீரென்று எரிந்தன. அப்பா எல்லாவற்றையும் கைபேசியால் அணைத்துவிட்டுப் படுத்தார். சற்று நேரத்தில் குளியலறைக்குப் போக எழுந்த பாட்டி சுவரைத் தடவினார், சுவிட்சின்மேல் டேப். கைபேசியோ அப்பாவின் தலையணைக்கடியில். உறங்குகிறவர்களை எழுப்ப மனமின்றி இருளிலேயே நடந்தவர், நிலைப்படியில் தடுக்கி விழுந்தார். மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

பாட்டியைப் பார்க்கப் போன நாங்கள் திரும்பி வரும் வழியெல்லாம் இதையே பேசினோம். பல்பில் குறையில்லை, கைபேசியிலும் குறையில்லை. சுவரைப் பற்றித்தான் யாரும் யோசிக்கவில்லை. ஆகவே எங்கள் ஆராய்ச்சிக்கு ஓர் அளவுகோலை வகுத்துக்கொண்டோம்: கைபேசி இல்லாவிட்டாலும், இணையம் நின்றுபோனாலும், சுவரில் கை வைத்தால் விளக்கு எரிய வேண்டும்.

சுவிட்ச் செய்யும் வேலை

நம் நாட்டில் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டம். பேஸ் கம்பி வழியே வந்து, விளக்கைக் கடந்து, நியூட்ரல் கம்பி வழியே திரும்புகிறது. இப்பாதையில் பேஸ் கம்பியின் நடுவே அமைந்த ஒரு கதவுதான் சுவிட்ச். கதவு மெதுவாகத் திறந்தால் இடைவெளியில் தீப்பொறி தாவி உலோகத்தைத் தின்றுவிடும். 1884-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரைச் சேர்ந்த ஜான் ஹென்றி ஹோம்ஸ், நொடிப்பொழுதில் விலகும் சுவிட்சை உருவாக்கி இக்குறையைப் போக்கினார். நம் சுவிட்சில் கேட்கும் ‘டக்’ ஓசை அந்த வேகத்தின் அடையாளமே.

தொலைவிலிருந்து விளக்கை இயக்கும் எண்ணமும் புதிதன்று. ஸ்காட்லாந்திலிருந்த பைகோ எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1975-இல் ‘எக்ஸ்-10’ என்னும் முறையை உருவாக்கியது. வீட்டு மின்கம்பிகளின் வழியாகவே அது செய்திகளை அனுப்பியது. இன்று பெரும்பாலும் வானொலி அலைகள் அவ்வேலையைச் செய்கின்றன.

நான்கு வழிகள்

தானியங்கி விளக்குக்கு நான்கு வழிகள் உள்ளன.

முதலாவது, ஸ்மார்ட் பல்பு. மாட்டுவது எளிது, நிறத்தையும் மாற்றலாம். ஆனால் சுவர்ச் சுவிட்ச் எப்போதும் போட்டபடியே இருக்க வேண்டும். பாட்டியின் வீட்டில் நேர்ந்தது இதனால்தான்.

இரண்டாவது, பழைய சுவிட்ச் அப்படியே இருக்க, அதன் பின்னே பெட்டிக்குள் தீப்பெட்டியளவுள்ள ரிலே கருவி ஒன்றைப் பொருத்துவது. சுவிட்சைத் தட்டினாலும் ரிலே கேட்கும். கைபேசி சொன்னாலும் கேட்கும். சாதாரண எல்.இ.டி. பல்பே போதும்.

மூன்றாவது, பழைய சுவிட்சைக் கழற்றிவிட்டு முழு ஸ்மார்ட் சுவிட்சையே பதிப்பது. பெட்டிக்குள் கூடுதல் இடம் தேடவேண்டியதில்லை. ஆனால் அது பழுதானால் அதே அளவில், அதே வகையில் மற்றொன்று கிடைக்க வேண்டும்.

நான்காவது, பேட்டரியால் இயங்கும் கம்பியற்ற பொத்தான். சுவரை உடைக்காமல் கட்டிலருகே ஒட்டிக்கொள்ளலாம். பேட்டரி தீர்ந்தால் ஊமையாகிவிடும். ஆகவே இது துணையாக இருக்கலாமே தவிர, அறையின் ஒரே சுவிட்சாக இருத்தல் கூடாது.

புதிதாகக் கட்டும் வீடுகளுக்குக் கம்பி வழி முறையும் உண்டு. ஐரோப்பாவில் பரவியுள்ள ‘கே.என்.எக்ஸ்.’ முறையில் சுவர்ப் பொத்தானுக்கு 30 வோல்ட் அளவிலான நேர்திசை மின்சாரமே வருகிறது; பொத்தான் செய்தியை மட்டும் அனுப்பும். நம்பகமானது, செலவும் மிகுதி.

நியூட்ரல் இருக்கிறதா?

கடைக்குப் போகுமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி இதுவே. சாதாரண சுவிட்சுக்கு மின்சாரம் தேவையில்லை. ஸ்மார்ட் சுவிட்சோ, விளக்கு அணைந்திருக்கும்போதும் விழித்திருந்து கட்டளையைக் கேட்க வேண்டும். அதற்குச் சிறிதளவு மின்சாரம் எப்போதும் வேண்டும். அந்த மின்சாரம் திரும்பிப் போக நியூட்ரல் கம்பியும் வேண்டும்.

நம் வீடுகளில் பெரும்பாலும் சுவிட்ச் போர்டிலேயே ஒரு பிளக் பாயிண்டும் இருக்கும். பிளக் இருக்குமிடத்தில் நியூட்ரல் இருந்தே தீரும். மாடிப்படியிலோ கட்டிலருகிலோ தனித்திருக்கும் சுவிட்சில் அது இல்லாதிருக்கலாம். அமெரிக்காவிலும் பழைய வீடுகளில் இதே சிக்கல் இருந்ததால், அந்நாட்டுத் தேசிய மின் விதித்தொகுப்பின் 2011-ஆம் ஆண்டுப் பதிப்பு, சில விலக்குகளைத் தவிர, சுவிட்ச் பெட்டிகளுக்கு நியூட்ரல் கொண்டுவர வேண்டும் என்று விதித்தது.

நியூட்ரல் இன்றி இயங்கும் சுவிட்சுகளும் உண்டு. அவை தமக்கு வேண்டிய சிறு மின்னோட்டத்தை விளக்கின் வழியாகவே கடத்துகின்றன. பழைய குண்டு பல்பில் அது தெரியாது. எல்.இ.டி. பல்போ அணைத்த பின்னும் மங்கலாக ஒளிரலாம், அல்லது கண்சிமிட்டலாம். விளக்கோடு இணையாக ஒரு சிறு மின்தேக்கிக் கருவியைச் சேர்த்தால் பெரும்பாலும் இது நீங்கும். நியூட்ரல் வேண்டுமென்று, இன்வெர்ட்டர் சுற்றிலிருந்தோ வேறு சுற்றிலிருந்தோ இரவல் வாங்குதல் தவறு. அப்படிச் செய்தால் மின்கசிவைக் காக்கும் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுந்துவிடும்.

கைக்குத் தெரியும் சுவிட்ச்

சாதாரண சுவிட்சில் கீழே தட்டினால் எரியும். மேலே தட்டினால் அணையும். பின்னால் ரிலே வைத்த பிறகு இந்தக் கணக்கு மாறுகிறது. கைபேசியால் விளக்கை அணைத்துவிட்டால், சுவிட்ச் கீழேயே இருக்கும், விளக்கு எரியாது. அப்போது சுவிட்சை எந்தப் பக்கம் தட்டினாலும் விளக்கின் நிலை மாறும்படி ரிலேயை அமைக்க வேண்டும். இதைவிடத் தெளிவானது, அழுத்தி விட்டவுடன் பழைய நிலைக்கே திரும்பும் பெல் சுவிட்ச் வகை. ஓர் அழுத்தில் எரியும். மறு அழுத்தில் அணையும். மேல், கீழ் என்ற குழப்பமே இல்லை. மாடிப்படியில் இரண்டு இடங்களிலிருந்து ஒரே விளக்கை இயக்கவும் இவ்வகை ஏற்றது. இரண்டு பெல் சுவிட்சுகளையும் ஒரே ரிலேக்கு இணைத்துவிடலாம்.

கண்ணாடித் தொடு பலகைகள் பார்க்க அழகானவை. ஆனால் வழவழப்பான கண்ணாடியில் எது விளக்கு, எது மின்விசிறி என்று இருளில் விரலுக்குத் தெரிவதில்லை. ஈரக்கையால் தொட்டால் சில சமயம் கேட்பதில்லை; துடைக்கத் துணி பட்டாலோ கேட்டுவிடுகிறது! பார்வை குறைந்தவர்கள் வாழும் வீட்டில் மேடு பள்ளம் உள்ள சுவிட்சே நல்லது.

விளக்கின் சுமை

9 வாட் எல்.இ.டி. பல்பு எடுக்கும் மின்னோட்டம் சுமார் 0.04 ஆம்பியர்தான். ஆயினும் எரியத் தொடங்கும் கணத்தில் அதைப்போல் பன்மடங்கு பாய்கிறது. பத்துப் பன்னிரண்டு விளக்குகளை ஒரே சிறு ரிலேயில் கட்டினால், அதன் முனைகள் நாளடைவில் ஒட்டிக்கொள்ளக்கூடும். எனவே ‘10 ஆம்பியர்’ என்ற எழுத்தை மட்டும் பாராமல், எல்.இ.டி. சுமைக்கு எவ்வளவு என்று குறித்திருப்பதையும் பார்க்க வேண்டும். ஒளியைக் குறைக்கும் டிம்மர் வாங்கினால், பல்பும் டிம்மருக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். விளக்கு டிம்மரில் மின்விசிறியை இணைக்கவே கூடாது.

இங்கே ஒரு சிறு கணக்கு. ஒரு ஸ்மார்ட் சுவிட்ச் விழித்திருக்க அரை வாட் ஆகிறது என்று கொள்வோம். ஆண்டுக்கு 0.5 × 24 × 365 = 4,380 வாட்-மணி; அதாவது சுமார் 4.4 யூனிட். பத்துச் சுவிட்சுகளுக்கு 44 யூனிட். ஒரு 9 வாட் பல்பை நாள்தோறும் 5 மணி நேரம் வீதம் இரண்டரை ஆண்டுக்கு மேல் எரிக்க இது போதும்! ஆகவே எல்லா அறைக்கும் தானியங்கி என்று ஓடாமல், பயனுள்ள இடத்தில் மட்டும் வைப்பதே சிக்கனம்.

எந்த மொழியில் பேசும்?

வைஃபை சுவிட்சுக்குத் தனி மையக் கருவி வேண்டாம். ஆனால் மின்வெட்டில் ரூட்டர் நின்றால் கைபேசிக் கட்டளையும் நிற்கும். ரூட்டரையும் இன்வெர்ட்டரில் இணைப்பது நலம். சிக்பீ, இசட்-வேவ் முறைகளுக்கு மையக் கருவி தேவை. இசட்-வேவ் அலைவரிசை நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வரும் கருவி இங்கே பயன்படாமல் போகலாம். பல நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக 2022-இல் ‘மேட்டர்’ என்னும் பொது முறை வெளியிடப்பட்டது. எதை வாங்கினாலும், நிறுவனத்தின் தொலைதூரக் கணினியை நம்பாமல் வீட்டுக்குள்ளேயே இயங்குமா என்று கேட்டறிதல் வேண்டும்.

உயிர் முக்கியம்

தோழியரே, சுவிட்ச் பெட்டியைத் திறப்பது நம் வேலையன்று. உரிமம் பெற்ற வயர்மேனே மெயினை அணைத்து, மின்சாரம் இல்லை என்று சோதித்துவிட்டுச் செய்ய வேண்டும். வீட்டுச் சுவிட்சுகளுக்குரிய இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 3854, ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குக. மற்றொன்றையும் நினைவில் வையுங்கள்: நியூட்ரல் இல்லாத ஸ்மார்ட் சுவிட்சை அணைத்தாலும் பல்பு மாட்டும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். அங்கே பல்பு மாற்றும்போது எம்.சி.பி.யையே அணைக்க வேண்டும்.

முடிவாக

பாட்டியின் வீட்டில் இப்போது டேப் இல்லை. கூடத்திலும் நடையிலும் சுவிட்சுக்குப் பின்னே ரிலே, பழைய எல்.இ.டி. பல்புகளே திரும்ப வந்துவிட்டன. மின்சாரம் போய்த் திரும்பினால் விளக்கு முன்பிருந்த நிலையிலேயே இருக்கும்படி அமைத்திருக்கிறார்கள். மற்ற அறைகளில் சாதாரண சுவிட்சுகள். பாட்டியின் கட்டிலருகே ஒரு பெல் சுவிட்ச். அதை அழுத்தினால் குளியலறை வரை வழிவிளக்கு எரியும். அதன்மேல் விரலுக்குத் தெரியும்படி ஒரு சிறு புள்ளி ஒட்டியிருக்கிறது. அதை ஒட்டியவர் அப்பாதான்.

சுவிட்ச் வாங்கும் முன் நான்கு கேள்விகள் கேட்போம்: பெட்டியில் நியூட்ரல் இருக்கிறதா? இணையம் நின்றால் இயங்குமா? மின்சாரம் திரும்பும்போது விளக்கு என்ன செய்யும்? வீட்டிலேயே முதியவர், வீட்டிலேயே சிறியவர், முதன்முதலாக வந்த விருந்தினர் ஆகிய மூவரும் யாரையும் கேளாமல் அதைப் பயன்படுத்த முடியுமா? கடைசிக் கேள்விக்கு ‘முடியும்’ என்று விடை வந்தால்தான் அது நம் வீட்டுச் சுவருக்கு ஏற்ற சுவிட்ச்.

விஞ்ஞானம் வீட்டுக்குள் வரட்டும், வரவேற்போம். ஆனால் இருளில் நீளும் ஒரு கைக்கு அது முதலில் விடை சொல்லட்டும்!