இணைய மென்பொருளின் கோப்புறைகள்: முதலாளியும் அறிந்திருக்க வேண்டியவை

எமது வியாபாரிகள் பலர் இன்று சொந்த இணையத்தளம் மூலம் ஓடர் எடுக்கிறார்கள். தளத்தின் நிறம், முகப்பில் வரும் படம் என்பவற்றைப் பற்றிப் புரோகிராமருடன் மணிக்கணக்கில் பேசும் இவர்கள், அந்த மென்பொருளின் கோப்புகள் எப்படி அடுக்கப்பட்டுள்ளன என்று கேட்பதில்லை. அது அவருடைய வேலை என்று விட்டுவிடுகிறார்கள். பின்னர் அவர் கட்டாருக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ போய்விடுகிறார். புதிதாக வருபவர் இரண்டு நாள் பார்த்துவிட்டு, "இதைத் திருத்த ஏலாது, புதிதாகத்தான் எழுத வேண்டும்" என்கிறார். ஒரே வேலைக்கு இரண்டு தடவை காசு.

இப்படியான தளங்களைப் பார்த்துத் தரும்படி என்னையும் அழைப்பதுண்டு. நிரல் பெரும்பாலும் அவ்வளவு மோசமாக இருப்பதில்லை. எது எங்கே இருக்கிறது என்பதுதான் எவருக்கும் தெரியாது. ஒரே போல்டரில் 'இன்டெக்ஸ்', 'இன்டெக்ஸ் நியூ', 'இன்டெக்ஸ் பைனல்', 'இன்டெக்ஸ் பைனல் 2' என்று நான்கு கோப்புகள். பக்கத்திலேயே பொருட்களின் படங்கள், வாடிக்கையாளர் அனுப்பிய வங்கிச் சிட்டைகள், தரவுத்தளத்தின் கடவுச்சொல், போன வருடத்துப் பிரதி ஒன்று.

இதில் முதலாவதாகக் கவனிக்க வேண்டியது, வெளியார் கண்ணுக்கு எது தெரிய வேண்டும், எது தெரியக் கூடாது என்ற பிரிவாகும். ஒரு கடையில் முன்பக்கம் இருக்கிறது, பின்னால் ஸ்டோர் இருக்கிறது, காசு லாச்சி இருக்கிறது. மூன்றையும் நடைபாதையில் வைக்கும் வியாபாரி எவரும் இல்லை. ஆனால் இணையத்தில் அதைத்தான் செய்கிறோம். மலிவான ஹோஸ்டிங் சேவைகளில் 'பப்ளிக் எச்.ரி.எம்.எல்' என்றொரு கோப்புறை தரப்படும். அதனுள் போடும் எந்தக் கோப்பையும், வேறு தடை போடாவிட்டால், முகவரியைச் சரியாகத் தட்டச்சு செய்யும் எவரும் கேட்டுப் பெறலாம்.

பி.எச்.பி. கோப்பு என்றால் சேவர் அதை இயக்கி, விடையை மாத்திரமே அனுப்பும். உள்ளே இருக்கும் கடவுச்சொல் வெளியே போகாது. இதை நம்பித்தான் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். ஆனால் திருத்தம் செய்வதற்கு முன் அதே கோப்பின் பெயருக்குப் பின்னால் 'பெக்' அல்லது 'ஓல்ட்' என்று சேர்த்து ஒரு பிரதி எடுத்து வைத்தால், சேவர் பொதுவாக அதை நிரலாகக் கருதாது. கேட்டவருக்கு எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுத்துவிடும். தரவுத்தளத்தின் பெக்கப்பும், ஸிப் செய்யப்பட்ட முழுத் தளமும் அப்படித்தான். இவ்வாறான பெயர்களை வரிசையாக முயன்று பார்ப்பதற்கென்றே இணையத்தில் தானியங்கி நிரல்கள் இரவு பகலாக ஓடுகின்றன. வாடிக்கையாளரின் பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம் எல்லாம் எம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அல்லவா? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தரவைக் கையாள்பவர் தகுந்த பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும் என்றே கூறுகிறது.

2011இல் வெளிவந்த லாரவெல் என்ற கட்டமைப்பைப் பாருங்கள். 'பப்ளிக்' என்ற ஒரு கோப்புறை மாத்திரமே வெளியுலகுக்குத் திறந்திருக்கும். வியாபார விதிகளைக் கொண்ட நிரல் 'ஆப்' கோப்புறையில், பக்கங்களின் தோற்றம் 'ரிசோர்சஸ்' கோப்புறையில், பிறர் எழுதிய நிரல்கள் 'வெண்டர்' கோப்புறையில். கடவுச்சொற்கள் 'டொட் என்வ்' என்ற தனிக் கோப்பில் இருக்கும். நிரலை எவருக்குக் கொடுத்தாலும் அதைச் சேர்த்துக் கொடுப்பதில்லை. 'வெண்டர்' கோப்புறையில் எவரும் கைவைக்கக் கூடாது. அடுத்த முறை புதுப்பிக்கும்போது அங்கே செய்த திருத்தமெல்லாம் அழிந்துவிடும்.

வங்கிச் சிட்டைகளை விசேடமாகச் சொல்ல வேண்டும். எமது நாட்டில் காசை வங்கியில் வைப்பிலிட்டுச் சிட்டையைப் படம் பிடித்து அனுப்பும் பழக்கம் இருக்கிறது. பொருளின் படம் எல்லோருக்கும் உரியது, சிட்டை அப்படியல்ல. இரண்டையும் ஒரே 'அப்லோட்ஸ்' கோப்புறையில் போடுவது பெரும் பிழை. பதிவேற்றப்படும் கோப்புகளை நிரலிலிருந்தும் பிரித்தே வைக்க வேண்டும். நிரல் தொலைந்தால் வேறொரு பிரதியிலிருந்து எடுக்கலாம், வாடிக்கையாளர் அனுப்பியதை மறுபடி எங்கே எடுப்பது? பெக்கப் எடுக்கும்போது முதலில் நினைவுக்கு வர வேண்டியது இந்தக் கோப்புறையும் தரவுத்தளமுமே.

நிரலை எப்படிப் பிரிப்பது என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. 2004இல் வெளிவந்த ரூபி ஒன் ரெயில்ஸ் தரவு, தோற்றம், கட்டுப்பாடு என்று வகை வகையாகப் பிரித்தது. பலரும் அதையே பின்பற்றினர். ரொபர்ட் மார்ட்டின் என்ற அமெரிக்க மென்பொருள் நிபுணர் 2011இல் இதைக் குறை கூறி எழுதினார். கோப்புறைகளின் பெயரைப் பார்த்ததும் அது என்ன தொழிலுக்கான மென்பொருள் என்று விளங்க வேண்டும், எந்தக் கருவியால் கட்டப்பட்டது என்பதல்ல முக்கியம் என்பது அவரது வாதம். அதன்படி ஓடர், கையிருப்பு, கொடுப்பனவு என்று தொழிலின் பகுதிகளே கோப்புறைகளாகும். வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆயினும் ஒரு புடைவைக் கடைக்கான சிறிய தளத்துக்குக் கட்டமைப்பின் வழமையான ஒழுங்கையே நான் சிபாரிசு செய்வேன். நாளை வரும் புரோகிராமருக்கு அது முன்பே பழக்கமானது. கிளைகள் பெருகி, ஒரு சின்ன மாற்றத்துக்கே ஐந்தாறு கோப்புறைகளைத் திறக்க வேண்டி வரும்போது பகுதி பகுதியாகப் பிரிக்கலாம்.

பெயரிலும் கவனம் தேவை. வின்டோஸ் கணினி பொதுவாக ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் சேவர் இரண்டையும் வேறாகப் பார்க்கும். கடையில் தெரிந்த படம் இணையத்தில் தெரியாமல் போவதற்குப் பல தடவைகளில் இதுவே காரணம். சிறிய எழுத்து, இடைவெளி இல்லாத பெயர் என்று தொடக்கத்திலேயே முடிவெடுத்துவிட்டால் தொல்லை இல்லை. 'பைனல் 2' போன்ற பெயர்களுக்கும் இனி அவசியமில்லை. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் என்ற இலவச மென்பொருள், யார், எப்போது, எதை மாற்றினார் என்பதையெல்லாம் பதிந்து வைக்கும்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமானது. அப்படியிருந்தும் மென்பொருள் வேலையை மாத்திரம் வாய்ப்பேச்சிலேயே முடித்துக்கொள்கிறோம். கிட் கணக்கு கடையின் பெயரில் இருக்க வேண்டும், கடவுச்சொற்களின் பிரதி முதலாளியிடம் பத்திரமாக இருக்க வேண்டும், எந்தக் கோப்புறையில் என்ன இருக்கிறது, தளத்தை எப்படி இயக்குவது என்பதை விளக்கும் 'ரீட்மீ' கோப்பு ஒன்று தரப்பட வேண்டும். இந்த மூன்றையும் உடன்படிக்கையில் எழுதிக்கொள்ளுங்கள். கடைசித் தவணைக் காசைக் கொடுக்கும் முன்னர், தளத்தை முன்பின் கண்டிராத வேறொருவரிடம் அந்த ரீட்மீயைக் கொடுத்து, வேறொரு கணினியில் உங்கள் முன்னிலையில் இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். பிற்பகலுக்குள் தளம் ஓடினால் காசைக் கொடுக்கலாம்.