கற்கள் யாருடைய பெயரைச் சொல்லுகின்றன?



கொழும்பிலிருந்து கண்டிக்குப் பேருந்தில் எத்தனையோ முறை சென்றிருப்பீர்கள். மாவனெல்லையைக் கடந்ததும் வீதி வளைந்து வளைந்து மேலேறுகிறது. கடுகண்ணாவைக் கணவாயில் குடைந்த பாறை ஒன்று தெரிகிறது. அதற்கும் மேலே, வீதியோரத்தில் உயர்ந்த கோபுரம் ஒன்று நிற்கிறது. “அது என்ன அப்பா?” என்று பிள்ளை கேட்கும். “வெள்ளைக்காரன் கட்டினது” என்று சொல்லிவிட்டு நாமும் கண்ணை மூடிக்கொள்கிறோம். அந்தப் பதில் சரிதானா? இந்த வாரம் இதைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

எகிப்து தரும் பாடம்

பழைய கட்டடங்கள் என்றாலே நம் நினைவுக்கு முதலில் வருவது எகிப்தின் பிரமிட்டுகள்தான். கீசாவிலுள்ள பெரிய பிரமிட் ஏறக்குறைய 4,500 ஆண்டுகளுக்கு முன் குஃபு என்னும் மன்னனின் கல்லறையாக எழுப்பப்பட்டது. அன்று அதன் உயரம் சுமார் 146 மீற்றர். அதிலுள்ள கற்கள் ஏறத்தாழ 23 இலட்சம் என்று கணக்கிடுகிறார்கள்.

இதை இஸ்ராயேல் மக்களே கட்டினார்கள் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இது தவறு. யாத்திராகமம் முதலாம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். அவர்கள் பாரவோனுக்குக் கட்டிக் கொடுத்தவை களஞ்சிய நகரங்கள் என்றே அங்கே இருக்கிறது. பிரமிட் என்ற பேச்சே இல்லை. மோயீசன் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னரே கீசாவின் பிரமிட்டுகள் கட்டி முடிந்துவிட்டன.

அப்படியானால் கட்டியவர்கள் யார்? 1990ஆம் ஆண்டு கீசாவில் தொழிலாளரின் கல்லறைகள் கண்டுபிடிக்கப்பட்டன. அவற்றிலிருந்த எலும்புகள் பாரம் சுமந்து தேய்ந்திருந்தன. சில எலும்புகள் முறிந்தபின் மருத்துவம் பெற்று மீண்டும் பொருந்தியிருந்தன. 2013இல் செங்கடற் கரையில் பழைய பப்பைரஸ் ஏடுகள் கிடைத்தன. பிரமிட்டுக்குப் படகில் சுண்ணாம்புக்கல் ஏற்றி வந்த மேரர் என்ற மேற்பார்வையாளன், தன் குழுவின் வேலையை நாள்தோறும் அவற்றிலே குறித்து வைத்திருக்கிறான். மன்னன் பெயரை உலகம் என்றும் அறிந்திருந்தது. வேலை செய்தவன் பெயர் வெளிவர 4,500 ஆண்டுகள் ஆயின!

நம் ஊர்க் கோபுரம்

இப்போது கடுகண்ணாவைக்குத் திரும்புவோம். அந்தக் கோபுரம் கப்டன் டோசன் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளரின் நினைவாக 1832இல் எழுப்பப்பட்டது. கொழும்பு - கண்டி வீதியை அமைத்தவர் அவர், 1829இல் இறந்தார். திறமையும் உழைப்பும் உள்ளவர். அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பியதில் குறை காண வேண்டியதில்லை.

ஆனால் பாறையை உடைத்தவர் யார்? மண் சுமந்தவர் யார்? அக்காலத்தில் “இராஜகாரியம்” என்றொரு முறை இருந்தது. நிலத்தை அனுபவிக்கும் குடிகள் அதற்கு ஈடாக அரசனுக்கு ஊழியம் செய்ய வேண்டும். கண்டி அரசு 1815இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியபின், அவர்களும் இதே முறையைப் பயன்படுத்தினார்கள். தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கண்டி நாட்டுக் கிராமத்தவர்கள் இவ்வாறே வீதி வேலைக்கு அழைக்கப்பட்டார்கள். இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது 1832இல். கோபுரம் எழுந்த அதே ஆண்டு! கோபுரத்தில் ஒருவர் பெயர் உண்டு. கல்லுடைத்த கிராமத்தவன் பெயர் எங்கும் இல்லை.

புகையிரதப் பாதையின் கதையும் இதுவே. 1867இல் கண்டிக்கு இரயில் வந்தது. றம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை வரை 45 அடிக்கு ஓரடி ஏறும் அந்தப் பாதையில், மலையைக் குடைந்தவர்களிலே தென்னிந்தியாவிலிருந்து வந்த நம்மவர்களும் இருந்தார்கள். 2014இல் கடுகண்ணாவையில் புகையிரத நூதனசாலை திறக்கப்பட்டது. பழைய இயந்திரங்களை அங்கே காணலாம். அவற்றைப் பார்க்கும்போது தண்டவாளம் சுமந்த தோள்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் சொல்லும் கற்கள்

எல்லாக் கற்களும் ஊமைகள் அல்ல. கடுகண்ணாவையிலிருந்து கண்டிப் பக்கமாகச் சிறிது தூரம் போனால் பிலிமத்தலாவை. அங்கிருந்து உள்ளே திரும்பினால் கடலாதெனிய விகாரை. 1344இல் நான்காம் புவனேகபாகு மன்னன் காலத்தில் எழுந்த கற்கோயில் அது. தூண்களைப் பார்த்தால் தமிழ்நாட்டுக் கோயிலுக்குள் நிற்பது போலிருக்கும். அதைக் கட்டிய சிற்பியின் பெயர் கணேஸ்வராச்சாரி என்று அங்குள்ள கல்வெட்டே சொல்லுகிறது.

அயலிலுள்ள இலங்காதிலக விகாரையின் பாறையில், சாசனம் சிங்களத்திலும் தமிழிலும் வெட்டப்பட்டிருக்கிறது. எம்பெக்கே தேவாலயத்தின் அழகிய மரத்தூண்களைச் செதுக்கியவர் தெல்மட மூலாச்சாரி என்று ஊரார் இன்றும் பெருமையோடு சொல்லுகிறார்கள். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் இந்த மலைகளில் இரு மொழிகளும் ஒரே பாறையில் இடம் பெற்றன. தொழிலாளியின் பெயருக்கும் இடம் கிடைத்தது. இதை நம் பிள்ளைகள் அறிய வேண்டாமா?

பெற்றோரே, அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை இவ்விடங்களுக்கு அழைத்துச் செல்லுங்கள். எகிப்துக்குப் போக நம்மில் எத்தனை பேருக்கு வசதி உண்டு? கடுகண்ணாவைக்குப் பேருந்துக் காசு போதும். கோபுரத்தைக் காட்டும்போது “டோசன் துரை திட்டமிட்டார், பெயர் தெரியாத ஆயிரமாயிரம் பேர் கட்டினார்கள்” என்று முழுப் பதிலையும் சொல்லுங்கள்.

வீட்டுக்குத் திரும்பியதும் இன்னொரு வேலை இருக்கிறது. உங்கள் பாட்டனார், பாட்டியார் எந்தத் தோட்டத்தில், எந்த வீதியில், எந்தப் பாதையில் உழைத்தார்கள் என்று பெரியவர்களைக் கேளுங்கள். அவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டு, பெயரோடும் ஊரோடும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மேரரின் ஏடு நிலைத்தது அவன் எழுதியதால்தான்.

குடும்பமாகச் சிந்திக்க:

1. நாம் நாள்தோறும் பயன்படுத்தும் வீதியை, பாலத்தை, பாடசாலையைக் கட்டியவர்களில் ஒருவரையாவது நமக்குத் தெரியுமா?

2. நம் வீட்டில் வேலை செய்ய வருபவரின் முழுப் பெயரை நம் பிள்ளைகள் அறிவார்களா?

3. பாட்டனார், பாட்டியாரின் உழைப்பைப் பற்றிப் பிள்ளைகளிடம் கடைசியாக எப்போது பேசினோம்?