லினக்ஸில் சிக்கலா? பார்மட் செய்ய வேண்டாம்!

விண்டோஸ் 10 தொகுப்பிற்கு மைக்ரோசாப்ட் தந்து வந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்றுக் கொள்ளாத கம்ப்யூட்டர்களை வைத்திருந்தவர்களில் பலர் லினக்ஸ் பக்கம் வந்திருக்கிறார்கள். விண்டோஸ் இல்லாத லேப்டாப்பைச் சற்றுக் குறைந்த விலையில் வாங்கி, லினக்ஸ் பதிந்து கொண்டவர்களும் உண்டு. நல்லதுதான். ஆனால் இவர்கள் விண்டோஸிலிருந்து ஒரு பழக்கத்தையும் கூடவே கொண்டு வந்து விடுகிறார்கள். டெஸ்க்டாப் தகராறு செய்தால் உடனே, "பார்மட் அடித்து மறுபடி போட்டு விடலாம்" என்பதுதான் அந்தப் பழக்கம். பார்மட் செய்தால் சிக்கல் மட்டுமா போகும்? குழந்தையின் போட்டோக்கள், ஸ்கேன் செய்து வைத்த சான்றிதழ்கள், கடைக் கணக்கு எல்லாமே போகும்.

லினக்ஸில் வரும் டெஸ்க்டாப் சிக்கல்களில் பெரும்பாலானவற்றிற்கு பார்மட் தேவையே இல்லை. கோளாறு புரோகிராமில் உள்ளதா, உங்கள் செட்டிங்ஸில் உள்ளதா, சிஸ்டத்தில் உள்ளதா என்று முதலில் கண்டு கொள்ள வேண்டும். புதியவர்கள் அதிகம் பயன்படுத்தும் லினக்ஸ் மிண்ட் 22, சின்னமன் டெஸ்க்டாப்பை வைத்து இங்கு விளக்குகிறோம். கட்டளைகளை ஒலிப்புப்படி தந்துள்ளோம். நீங்கள் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் டைப் செய்திட வேண்டும். சுடோ என்பது எஸ், யு, டி, ஓ என்ற நான்கு எழுத்துகள்.

திரை உறைந்து விட்டால்

ஒரு புரோகிராம் மட்டும் அசையாமல் நின்றால் ஆல்ட் + எப் 2 அழுத்துங்கள். கிடைக்கும் சிறிய கட்டத்தில் எக்ஸ் என்ற எழுத்தையும் கில் என்ற சொல்லையும் இடைவெளி இன்றிச் சேர்த்து டைப் செய்து என்டர் தட்டவும். மவுஸ் கர்சர் மாறும். அதைக் கொண்டு உறைந்து போன விண்டோவில் கிளிக் செய்தால் அது மூடப்படும். சேமிக்காத வேலை போய்விடும் என்பதை நினைவில் வைக்கவும். குறி தவறி டெஸ்க்டாப்பில் கிளிக் செய்து விட வேண்டாம். மனம் மாறினால் ரைட் கிளிக் செய்து விலகலாம்.

கீழே உள்ள பேனலும் மெனுவும் உறைந்திருந்தால் கண்ட்ரோல் + ஆல்ட் + எஸ்கேப் அழுத்தவும். சின்னமன் மட்டும் புதிதாகத் தொடங்கும். திறந்திருக்கும் விண்டோக்கள் அப்படியே இருக்கும். பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பது கடைசி வழியாக இருக்கட்டும்.

பாஸ்வேர்ட் சரி, ஆனால் உள்ளே விடவில்லை

புதியவர்களை அதிகம் பயமுறுத்துவது இதுதான். பாஸ்வேர்டைத் தருகிறீர்கள். திரை ஒரு கணம் கறுப்பாகி, மீண்டும் பாஸ்வேர்ட் கேட்கும் இடத்திற்கே வந்து நிற்கிறது. பலர் பார்மட் செய்வது இந்த இடத்தில்தான். பாஸ்வேர்ட் தவறு என்றால் அப்படிச் செய்தி வரும். செய்தி இன்றித் திரும்பி வந்தால் காரணம் வேறு. ஹார்ட் டிஸ்க் நிரம்பியிருப்பது அடிக்கடி காணப்படும் காரணம். உள்ளே நுழையும்போது உங்கள் ஹோம் போல்டரில் சில சிறிய பைல்கள் எழுதப்பட வேண்டும். எழுத இடம் இல்லை என்றால் டெஸ்க்டாப் தொடங்க முடியாது.

கண்ட்ரோல் + ஆல்ட் + எப் 3 அழுத்துங்கள். கறுப்புத் திரையில் யூசர் பெயர் கேட்கப்படும். பெயரையும் பாஸ்வேர்டையும் தரவும். பாஸ்வேர்ட் டைப் செய்கையில் திரையில் நட்சத்திரம் கூடத் தோன்றாது. கீ போர்டு கெட்டு விட்டதோ என்று எண்ண வேண்டாம், இங்கு அப்படித்தான். உள்ளே சென்ற பின் டி, எப் என்ற எழுத்துகள், ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, ஹெச் எனத் தொடர்ந்து டைப் செய்து என்டர் தட்டுங்கள். ஒரு பட்டியல் வரும். வரியின் கடைசியில் ஒரே ஒரு சாய்கோடு மட்டும் உள்ள வரியைப் பாருங்கள். அதில் 100% என்று இருந்தால் குற்றவாளி கிடைத்து விட்டார்.

இப்போது சுடோ ஆப்ட் க்ளீன் என்ற கட்டளையைத் தரவும். ஆப்ட் என்பது ஏ, பி, டி என்ற மூன்று எழுத்துகள். அப்டேட் செய்வதற்காக முன்பு இறக்கி வைக்கப்பட்ட பழைய தொகுப்புகள் நீக்கப்படும். உங்கள் பைல்கள் எதையும் இது தொடாது. பின் கண்ட்ரோல் + ஆல்ட் + எப் 7 அழுத்தி, வழக்கமான திரைக்கு வந்து பாஸ்வேர்ட் தந்து பாருங்கள்.

அப்படியும் திறக்கவில்லையா? லினக்ஸ் பதிந்த பென் டிரைவை எடுத்து, அதிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடங்குங்கள். டெஸ்க்டாப் கிடைக்கும். இன்ஸ்டால் ஐகான் பக்கம் போகவே வேண்டாம். பைல் மேனேஜரில் உங்கள் ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து, ஹோம் போல்டரில் உள்ள பெரிய வீடியோக்களை வெளி டிஸ்க் ஒன்றிற்கு மாற்றினால் போதும். அனுமதி இல்லை என்று வந்தால், போல்டரில் ரைட் கிளிக் செய்து "ஓப்பன் அஸ் ரூட்" என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.

மிண்ட்டில் டிஸ்க் நிரம்புவதற்கு டைம்ஷிப்ட் புரோகிராம் எடுத்து வைக்கும் நகல்கள் பல முறை காரணமாகின்றன. உள்ளே நுழைந்ததும் டைம்ஷிப்ட்டைத் திறந்து பழையவற்றை நீக்கி, இரண்டு மூன்று மட்டும் வைத்துக் கொள்ளுங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. டைம்ஷிப்ட் இருக்கிறது, எனவே போட்டோக்கள் பத்திரம் என்று பலர் எண்ணுகின்றனர். அது காப்பது சிஸ்டம் பைல்களை மட்டுமே. ஹோம் போல்டரை, நீங்களாகச் சொன்னாலொழிய, அது நகலெடுப்பதில்லை. போட்டோக்களுக்கு வெளி டிஸ்க்கில் தனி நகல் வேண்டும்.

அப்டேட் பாதியில் நின்றால்

"குட் நாட் கெட் லாக்" என்று செய்தி வந்தால் அது பிழையே அல்ல. வேறொரு அப்டேட் பின்னணியில் ஓடிக் கொண்டிருக்கிறது, சில நிமிடம் பொறுங்கள் என்று பொருள். லாக் பைலை அழித்து விடு என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். இரண்டு புரோகிராம்கள் ஒரே பட்டியலில் ஒரே நேரத்தில் எழுதிக் குழப்பி விடாமல் இருக்கத்தான் அந்தப் பூட்டு.

அப்டேட் நடக்கும்போது கரண்ட் போய்விட்டதா? டெர்மினலில் சுடோ, இடைவெளி, டி.பி.கே.ஜி. என்ற நான்கு எழுத்துகள், இடைவெளி, இரண்டு சிறு கோடுகள், அவற்றுடன் ஒட்டி கான்பிகர் என்ற சொல், இடைவெளி, ஒரு சிறு கோடு, ஏ எனத் தரவும். எழுத்துகளுக்கு இடையே புள்ளி வேண்டாம். பாதியில் நின்ற வேலை முடிக்கப்படும்.

விண்டோஸும் சேர்ந்திருந்தால்

இரண்டு சிஸ்டமும் வைத்திருப்பவர்கள் சிலர், விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கி ஓடுவதாகக் கூறுவார்கள். பாட்டரி மாற்றியும் சரியாகாது. மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. நம் நேரம் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னே உள்ளது அல்லவா, அதே வித்தியாசம்தான். டைம், டேட், சி.டி.எல். மூன்றையும் சேர்த்து ஒரே சொல்லாக டைப் செய்து, இடைவெளி விட்டு செட்-லோக்கல்-ஆர்.டி.சி., மீண்டும் இடைவெளி விட்டு 1 எனத் தரவும். லினக்ஸும் உள்ளூர் நேரத்திற்கு வந்து விடும். விண்டோஸின் நேரத்தை ஒரு முறை சரி செய்தால் போதும்.

விண்டோஸ் டிரைவில் லினக்ஸ் மூலம் எதையும் சேமிக்க முடியவில்லை என்றால், விண்டோஸில் உள்ள பாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியைப் பாருங்கள். இது இயங்கினால் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுமையாக மூடப்படுவதில்லை. பாதித் தூக்கத்தில் உள்ள டிரைவில் எழுதினால் பைல்கள் கெடும் என்பதால் லினக்ஸ் மறுக்கிறது. கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் சென்று, பவர் பட்டன் குறித்த பிரிவில் இந்த வசதியின் டிக் அடையாளத்தை எடுத்து விடவும். கட்டளை மூலம் வலுக்கட்டாயமாக எழுத முயல வேண்டாம்.

ஒரு புரோகிராம் மட்டும் திறக்க மறுத்தால்

யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ் மூலம் புதிய யூசர் ஒருவரை உருவாக்கி, அந்தப் பெயரில் நுழைந்து புரோகிராமைத் திறந்து பாருங்கள். அங்கே ஒழுங்காக இயங்கினால் புரோகிராமில் குறையில்லை, உங்கள் செட்டிங்ஸ் கெட்டிருக்கிறது. பழைய பெயரிலேயே மீண்டும் நுழையவும். ஹோம் போல்டரில் கண்ட்ரோல் + ஹெச் அழுத்தினால் மறைந்துள்ள போல்டர்கள் தெரியும். புள்ளியில் தொடங்கும் கான்பிக் என்ற போல்டரில் புரோகிராமின் பெயரில் ஒரு போல்டர் இருக்கும். எடுத்துக்காட்டாக லிப்ரே ஆபீஸ். புரோகிராமை மூடி விட்டு அந்தப் போல்டரின் பெயருடன் ஓல்ட் என்று சேர்த்து மாற்றி விடுங்கள். அழிக்க வேண்டாம். அடுத்த முறை திறக்கையில் புதிய செட்டிங்ஸ் போல்டர் தானே உருவாகும். நீங்கள் எழுதிய டாகுமெண்ட்கள் வேறு போல்டரில் இருப்பதால் அவற்றிற்கு ஒன்றும் ஆகாது. சரியாகவில்லை என்றால் பழைய பெயரையே திரும்பக் கொடுத்து விடலாம்.