எங்களுக்குப் பிடித்த லினக்ஸ்

எங்கள் பள்ளிக் கணிப்பொறி அறையில் 11 கணிப்பொறிகள் உள்ளன. அவற்றுள் 6 கணிப்பொறிகள் சென்ற கல்வியாண்டின் தொடக்கத்திலிருந்தே துணி போர்த்தப்பட்டுச் சுவரோரம் கிடந்தன. பொத்தானை அழுத்திவிட்டு ஒரு ஜெபமாலையில் பாதி சொல்லி முடித்த பிறகுதான் திரை தோன்றும்! அவற்றில் இருந்த விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு, 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்துவதாக மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அறிவித்துவிட்டது. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11ஐ ஏற்கும் தகுதி அப்பழைய இயந்திரங்களுக்கு இல்லை. எனவே அவற்றைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று பேச்சு எழுந்தது.

எங்கள் கணிப்பொறி ஆசிரியை மட்டும், “லினக்ஸ் போட்டுப் பார்க்கலாமா சிஸ்டர்?” என்று தலைமையாசிரியை அருட்சகோதரியிடம் கேட்டார்கள். “பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு இருக்கிறது. சனிக்கிழமை மாலையில் ஒரு மணி நேரம், அதற்கு மேல் கூடாது” என்று அனுமதி கிடைத்தது. நாங்கள் ஒன்பது பேர் சேர்ந்தோம். எந்த லினக்ஸைப் போடுவது என்று தேடப் புகுந்தபோதுதான் லினக்ஸ் என்பது ஒன்றல்ல, நூற்றுக்கணக்கில் உள்ளது என்று தெரிய வந்தது. அவற்றுள் எங்களுக்குப் பிடித்தவற்றையும், ஏன் பிடித்தன என்பதையும் இங்கே எழுதுகிறோம்.

முதலில், இயங்குதளம் என்றால் என்ன? பள்ளியில் மணி அடிப்பவர், பாட அட்டவணை போடுபவர், சாவிக்கொத்தை வைத்திருப்பவர் ஆகிய மூவரின் வேலையையும் ஒருவரே செய்வதாக வைத்துக் கொள்வோம். கணிப்பொறிக்குள் அந்த ஒருவர்தான் இயங்குதளம். எந்த நிரல் எப்போது ஓட வேண்டும், நினைவகத்தில் யாருக்கு எவ்வளவு இடம், எந்தக் கோப்பை யார் திறக்கலாம் என்பவற்றை எல்லாம் அதுவே முடிவு செய்கிறது. அது இல்லாவிட்டால் கணிப்பொறி வெறும் பெட்டியே.

அமெரிக்காவைச் சேர்ந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் 1983ஆம் ஆண்டில் ஜி.என்.யு. என்னும் திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை எந்தக் காரியத்துக்கும் பயன்படுத்தவும், அது எப்படி வேலை செய்கிறது என்று திறந்து படித்து மாற்றவும், பிரதி எடுத்துப் பிறருக்குக் கொடுக்கவும், மாற்றிய பிரதியைப் பகிரவும் எல்லாருக்கும் உரிமை வேண்டும் என்பது அவர் கொள்கை. இந்த நான்கு உரிமைகளையும் அவர் 0, 1, 2, 3 என்று எண்ணுவது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. கணிப்பொறிக்காரர்கள் பூச்சியத்திலிருந்துதான் எண்ணத் தொடங்குவார்களாம். 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக் கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் இயங்குதளத்தின் கருப்பகுதியை எழுதி, எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டார். அந்தக் கருவுக்கு லினக்ஸ் என்று பெயர் வந்தது. ஜி.என்.யு. கருவிகளும் இந்தக் கருவும் சேர்ந்து முழுமையான இயங்குதளம் ஆயிற்று. அதன் சின்னம் பெங்குவின் பறவை.

கரு ஒன்றாக இருக்க, வகைகள் ஏன் பல? மாவு ஒன்றே, அம்மா அதை இட்லியாக ஊற்றுகிறார், மறுநாள் தோசையாக வார்க்கிறார், புளித்த பிறகு பணியாரமாகச் சுடுகிறார். அது போலவே லினக்ஸ் கருவை எடுத்து, அதனோடு தங்களுக்கு வேண்டிய நிரல்களையும் திரையமைப்பையும் சேர்த்துப் பலரும் பலவாறு தருகிறார்கள். ஒவ்வொன்றையும் ‘வழங்கல்’ என்று தமிழில் சொல்கிறார்கள்.

இந்த லினக்ஸ் நம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. தமிழக அரசின் எல்காட் நிறுவனம் 2006, 2007ஆம் ஆண்டுகளில், திரு. உமாசங்கர் இ.ஆ.ப. அவர்கள் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, தன் அலுவலகக் கணிப்பொறிகளைச் சூசி லினக்ஸ் என்ற வழங்கலுக்கு மாற்றியது. அதே காலத்தில், 2007ஆம் ஆண்டில், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையிலிருந்து ‘பாஸ்’ என்னும் இந்திய லினக்ஸை வெளியிட்டது. பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கமே பாஸ். தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் எழுத வசதி செய்து தந்தது அதன் சிறப்பு. பள்ளிகளுக்கென்றே ‘எடுபாஸ்’ என்று ஒரு பதிப்பும் உண்டு.

2011ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோஸ், பாஸ் இரண்டும் இருந்தன. எங்கள் தோழி ஒருத்தியின் அக்காவுக்கும் ஒன்று கிடைத்தது. அது மெதுவாகிவிட்டதென்று ஒரு கடையில் கொடுத்தார்கள். கடைக்காரர் பாஸ் இருந்த பகுதியை “இது யாருக்கும் வேண்டாம்” என்று அழித்துவிட்டு, உரிமம் இல்லாத விண்டோஸ் பிரதி ஒன்றைப் போட்டு 500 ரூபாய் வாங்கிக் கொண்டாராம். இலவசமாகவும் நேர்மையாகவும் கையில் இருந்ததை அழித்துவிட்டு, திருட்டுப் பிரதிக்குப் பணம் கொடுத்திருக்கிறார்கள்! ஏழாம் கட்டளையை ஞாயிறு மறைக்கல்வியில் ஒப்புவிக்கும் நமக்குக் கணிப்பொறிக்குள்ளும் களவு உண்டு என்பது தோன்றுவதே இல்லை. அந்த அக்காவைக் குறை சொல்லவில்லை. பாஸ் என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இனி எங்கள் சோதனைக்கு வருவோம். லினக்ஸின் பெரிய வசதி, வட்டில் நிறுவாமலேயே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். கணிப்பொறி தொடங்கும்போது பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் போதும். உள்ளே இருப்பது எதுவும் கலையாது. இப்படியே மூன்று சனிக்கிழமைகளில் ஐந்து வழங்கல்களைப் பார்த்தோம்.

முதலில் பார்த்தது உபுண்டு. தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த மார்க் ஷட்டில்வொர்த் என்பவர் 2004ஆம் ஆண்டில் தொடங்கியது. உபுண்டு என்பது ஆப்பிரிக்க மொழிச் சொல்; மனிதர் மீது மனிதருக்குள்ள பரிவு என்று பொருள் சொல்லலாம். இணைய வேகம் குறைவாக இருந்த அந்நாட்களில், கேட்டவர் வீட்டுக்கெல்லாம் தபால் செலவுகூட வாங்காமல் குறுந்தகடு அனுப்பினார்களாம். 2011 வரை அது நடந்தது. பதினொன்றாம் வகுப்புப் பாடநூலிலும் உபுண்டு பாடமாக உள்ளதால், அடுத்த ஆண்டு கணினிப் பிரிவு எடுக்கப் போகிறவர்கள் இதற்கே கொடி பிடித்தார்கள். ஆனால் எங்கள் பழைய கணிப்பொறிகளில் அது ஆமை போல் ஊர்ந்தது. அழகிய புத்தகப்பையைச் சிறு பிள்ளையின் முதுகில் ஏற்றியது போலிருந்தது.

ஃபெடோரா, ரெட் ஹேட் நிறுவனத்தின் ஆதரவில் 2003ஆம் ஆண்டு முதல் வருவது. லினஸ் டோர்வால்ட்ஸே இதைத்தான் பயன்படுத்துகிறார் என்று அறிந்தோம். ஆறு மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பு வருகிறது. பழையதற்கு ஓராண்டுக்குச் சற்று மேல்தான் ஆதரவு. பள்ளியில் அடிக்கடி மாற்றிக் கொண்டிருக்க ஆள் இல்லை. விட்டுவிட்டோம்.

பப்பி லினக்ஸ் எங்களைச் சிரிக்க வைத்தது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பேரி காலர் என்பவர் தம் நாய்க்குட்டியின் பெயரையே இதற்கு வைத்தார். ஒரு திரைப்படத்தைவிடச் சிறிய கோப்பு. முழுவதும் நினைவகத்திலேயே ஏறிக் கொண்டு ஓடுகிறது. எங்களிடம் இருந்த மிக மோசமான கணிப்பொறிகூட நாய்க்குட்டி போலத் துள்ளி எழுந்தது. ஆயினும் அதில் இயல்பாகவே எல்லாரும் தலைமைப் பயனர் அதிகாரத்தோடு நுழைகிறார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் எல்லாச் சாவியையும் கொடுப்பதா என்று ஆசிரியை மறுத்துவிட்டார்கள்.

அடுத்தது டெபியன். பாஸ், உபுண்டு இரண்டுக்கும் இதுவே தாய். 1993ஆம் ஆண்டில் இயன் மர்டாக் என்பவர் தொடங்கி, தம் தோழி டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் இணைத்து டெபியன் என்றார். இதற்கு முதலாளி நிறுவனம் கிடையாது. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் சேர்ந்து செய்கிறார்கள். பயனர்களுக்கு என்னென்ன கடமைப்பட்டிருக்கிறோம் என்று 1997ஆம் ஆண்டில் ஒரு சமூக ஒப்பந்தமும் எழுதி வைத்திருக்கிறார்கள். பதிப்புகளுக்கு ‘டாய் ஸ்டோரி’ படத்துப் பொம்மைகளின் பெயர்கள். நிலையான பதிப்பு ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒருமுறைதான் வரும். இன்னும் பக்குவப்படாத நிரல்கள் இருக்கும் கிளைக்குச் சிட் என்று பெயர். அப்படத்தில் பொம்மைகளை உடைக்கும் பையனின் பெயர் அது! நிறுவத் தொடங்கும்போதே மொழிப் பட்டியலில் ‘தமிழ்’ என்று கண்டபோது நாங்கள் கைதட்டினோம். யாரோ ஊதியமின்றி உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் மொழிபெயர்த்திருக்கிறார்கள். சில மொழிபெயர்ப்புகள் புரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு இடங்களில் ஆங்கிலத்தைப் பார்த்துத்தான் தமிழைப் புரிந்து கொண்டோம்.

கடைசியாக லினக்ஸ் மின்ட். கிளமென்ட் லெஃபெப்வர் என்னும் பிரெஞ்சுக்காரர் 2006ஆம் ஆண்டில் தொடங்கியது. உபுண்டுவின் மேல் கட்டப்பட்டது. விண்டோஸ் பழகியவர்களுக்குத் திகைப்பே இராது. கீழ் மூலையில் பட்டியல், மேசையில் படவுருக்கள், எல்லாம் பழகிய இடத்திலேயே இருக்கும். எக்ஸ்.எஃப்.சி.இ. என்னும் எளிய திரையமைப்போடு வரும் பதிப்பு 4 ஜி.பி. நினைவகத்தில் தடையின்றி ஓடியது. இதன் பதிப்புகளுக்கெல்லாம் பெண்களின் பெயர்கள்! மாயா, ரெபேக்கா, ரோசா, சாரா, தாரா, உமா என்று எங்கள் வருகைப் பதிவேட்டை வாசிப்பது போல் இருந்தது. 2021ஆம் ஆண்டில் வந்த 20.2 பதிப்பின் பெயர் உமா என்று அறிந்ததும், எங்கள் குழுவில் அப்பெயர் கொண்டவள் வேறு எதற்கும் வாக்களிக்க மறுத்துவிட்டாள்.

வாக்கெடுப்பில் மின்ட்டுக்கு 5, டெபியனுக்கு 2, உபுண்டுக்கு 1, பப்பிக்கு 1. எனவே 4 ஜி.பி. நினைவகம் உள்ள நான்கு கணிப்பொறிகளில் மின்ட்டும், 2 ஜி.பி. மட்டுமே உள்ள இரண்டில் டெபியனும் போடுவதென்று முடிவாயிற்று.

பொங்கலுக்கு முந்தைய வாரம். அவனியாபுரத்தில் வாடிவாசலுக்குக் கட்டை கட்டும் ஓசை அறை வரை கேட்டது. மூன்று கணிப்பொறிகள் முடிந்துவிட்டன என்ற மிதப்பில் நான்காவதில் ‘வட்டை முழுவதும் அழித்து நிறுவு’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டோம். அதில் இருந்த கோப்புகளை வேறிடத்தில் பிரதி எடுத்தாயிற்று என்று ஒருத்தி நினைத்தாள். மற்றவள் எடுத்திருப்பாள் என்று இன்னொருத்தி நினைத்தாள். இரண்டு ஆண்டுகளின் கிறிஸ்துமஸ் நாடகப் படங்கள் அத்தனையும் போயின. யார் சொல்வது என்று நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டு நின்றோம். முடிவில் ஒன்பது பேரும் சேர்ந்தே போய் அருட்சகோதரியிடம் சொன்னோம். பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்பது அதைவிட எளிது! அவர்கள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “மீதிக் கணிப்பொறிகளைத் தொடும் முன் இரண்டு பிரதி எடுங்கள். எடுத்ததைத் திறந்து பாருங்கள்” என்றார்கள். ஆசிரியைகளின் கைப்பேசிகளிலிருந்து சில படங்களைத் திரட்டினோம். சின்னஞ்சிறு சம்மனசுகள் வரும் காட்சி மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. அப்பிள்ளைகளிடம் இதன் மூலம் மன்னிப்புக் கேட்கிறோம்.

இன்னொரு கலக்கமும் நேர்ந்தது. தமிழாசிரியை தம் பழைய வினாத்தாளைத் திறந்தால் எல்லாம் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தன. கோப்பு கெடவில்லை. அது ஒருங்குறிக்கு முந்தைய முறையில் அமைந்த எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது; ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்து ஏமாற்றும் முறை அது. அந்த எழுத்துரு இல்லாத எந்தக் கணிப்பொறியிலும் இப்படித்தான் தெரியும். எழுத்துருவை விண்டோஸ் கணிப்பொறியிலிருந்து எடுத்துப் போட்டதும் தமிழ் திரும்பி வந்தது. புதிய வினாத்தாள்களைத் தமிழ்99 விசைப்பலகையில், ஒருங்குறியிலேயே அடிக்கப் போவதாக ஆசிரியை சொல்லியிருக்கிறார்கள்.

இலவசம் என்றால் தரம் குறைவாக இருக்கும் என்று பெற்றோர் சிலர் நினைக்கலாம். உலகின் மிக வேகமான 500 மீத்திறன் கணிப்பொறிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் இடம் பெறுபவை அனைத்தும் லினக்ஸில் ஓடுபவையே. நம் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள் இருப்பதும் லினக்ஸ் கருதான். அண்டை மாநிலமாகிய கேரளத்தின் அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே பாடம் நடத்துகின்றன. ‘கைட்’ என்னும் அமைப்பு உபுண்டுவைப் பள்ளிக்கேற்ப மாற்றித் தருகிறது. அங்கே பத்தாம் வகுப்பு மாணவர் லினக்ஸில்தான் தகவல் தொழில்நுட்பத் தேர்வு எழுதுகிறார்கள். அதே சமயம், கடையில் டேலி வைத்துக் கணக்கு எழுதும் தந்தையர் இக்கட்டுரையைப் படித்துவிட்டு விண்டோஸை அழித்துவிட வேண்டாம். டேலி விண்டோஸுக்கென்று எழுதப்பட்டது. லினக்ஸில் நேராக ஓடாது.

இப்போது அந்த 6 கணிப்பொறிகளும் துணி நீங்கி நிற்கின்றன. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் டக்ஸ் பெயின்டில் மீனும் மயிலும் வரைகிறார்கள். அச்சுப்பொறி மட்டும் இன்னும் டெபியன் கணிப்பொறிகளோடு பேச மறுக்கிறது. பொதுத்தேர்வு நெருங்கிவிட்டபடியால், பென் டிரைவையும், செய்த தவறு உட்பட அனைத்தையும் எழுதி வைத்த நோட்டுப் புத்தகத்தையும் ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளிடம் கொடுத்துவிட்டோம். அந்த அக்காவின் மடிக்கணினியும் அடுத்த சனிக்கிழமை வருகிறது. அதற்குள் என்ன போடுவதென்று அவர்களுக்குள் இப்போதே சண்டை.